அண்டாவுக்கு முன்சீட்டு

மாதா துணை

காரைக்குடி
12-4-1999

என் மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய பெரிய மச்சான், ஒக்கூர்த் தலைமையாசிரியர் திரு. சூசைமாணிக்கம் அவர்களுக்கு, தங்கள் தங்கை பவுலினின் கணவன் மரியப்பன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் பவுலினும் பிள்ளைகள் மூவரும் தேவ கிருபையால் சுகம். அவ்விடம் தாங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க இந்த வருஷப் பாஸ்குப் பண்டிகை அன்றும் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொண்டேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். கிழிப்பதானால் முழுக்க வாசித்துவிட்டுக் கிழிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

விஷயம் என்னவென்றால், சின்னவள் மரிய அனிதாவுக்கு வருகிற மே ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை செக்காலைக் கோவிலில் புதுநன்மை; முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிறாள். பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து, தாய்மாமன் சீர் கொடுத்து மாலை போட்ட பிறகுதான் நம் வீடுகளில் பந்தி. இது தாங்கள் அறியாததல்ல. மூன்று வருஷத்துக்கு முன் நெல்சனின் புதுநன்மைக்குத் தாங்கள் சீர் கொண்டுவந்தும் மாலை போடாமல் பாதி வழியிலேயே திரும்பிப் போனீர்கள். அன்றிலிருந்து அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சு இல்லை. அதன் காரணம் உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்: தாங்கள், நான், பெரியவள் ஜெசி. இப்போது நியூஜெர்சி வரைக்கும் தெரிந்துவிட்டது.

எப்படி என்று சொல்கிறேன். எங்கள் கல்லூரி அலுவலகத்தில் மாயக்கண்ணன் என்று ஒரு தலைமை எழுத்தர் இருக்கிறார். அவர் பையன் அமெரிக்காவிலிருந்து தினமும் ஈமெயிலில் ஜோக் அனுப்புவான். இவர் அதைக் கம்ப்யூட்டர் லேபில் பிரிண்ட் எடுத்து, ஓரம் முழுக்க ஓட்டை போட்ட அந்த நீளக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேஜை மேஜையாக வருவார். பிப்ரவரியில் ஒரு நாள், "சார், இத வாசிங்க. வயிறு வலிச்சா நான் பொறுப்பில்ல" என்று ஒன்றை நீட்டினார். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஒரு அப்பா. அவரிடம் ஒரு குட்டிக் கார். அந்தக் காரில் ஏறுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பிரியாணி அண்டா, அடுத்து அம்மா, அப்புறம் பிள்ளைகள், இடம் மிச்சமிருந்தால் தாய்மாமன். அண்டாவுக்கு முன்சீட்டும் பெல்ட்டும் உண்டு. தாய்மாமனுக்கு டவுன் பஸ். கடைசியில் அந்த அப்பா அண்டாவைப் பார்த்து, "காத்து வருதா?" என்று கேட்டுக் கண்ணாடியை இறக்கிவிடுகிறார். நான் சிரித்தேன் மச்சான். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தேன். "என்ன மனுஷன்யா இவன், சீர் கொண்டுவந்தவர எறக்கிவிட்டுட்டு அண்டாவ ஏத்திட்டுப் போறான்!" என்று என் வாயாலேயே சொன்னேன். சொன்ன பிறகுதான் அந்தக் காரின் நிறத்தைக் கவனித்தேன். இளநீலம். பின்கண்ணாடியில் மாதா ஸ்டிக்கர், அதிலும் ஒரு மூலை கிழிந்தது. என் கார்.

அதற்குப் பிறகு மாயக்கண்ணன் மட்டும்தான் சிரித்துக்கொண்டிருந்தார். வேறு எவனோ செய்ததாக நினைத்து வாசித்தபோதுதான் நான் செய்தது என்ன என்பது எனக்குப் புரிந்தது. மூன்று வருஷமாக அதை ஒரு சின்ன அவசரம் என்றே எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன்.

சாயங்காலம் ஜெசியை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் விசாரித்தேன். அவள் முழிக்கக்கூட இல்லை. "நான் என் ஃப்ரெண்டு ஒருத்திக்குத்தான்ப்பா பிரவுசிங் சென்டர்ல இருந்து அனுப்புனேன். அவ மெட்ராஸ்ல அவ அக்காவுக்கு அனுப்பிருக்கா. அங்குட்டு இருந்து அது எங்குட்டுப் போச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். "யார்ட்டயும் சொல்லாதன்னு அன்னைக்கே சொன்னேன்ல?" என்றேன். "வீட்ல யார்ட்டயும் சொல்லாதன்னுதான சொன்னீக" என்றாள். இந்தப் பதிலுக்கு எத்தனை மார்க் போடலாம்? தலைமையாசிரியரான தாங்களே சொல்லுங்கள். பிறகு அவளே மறுபடி பேசினாள். "மூணு வருஷமா அது என் வயித்துக்குள்ளயே இருந்துச்சுப்பா. மாமாவப் பாக்கணும் போல இருந்துச்சு. அழுகையாத்தான் எழுத உக்காந்தேன், எழுத எழுத சிரிப்பா வந்துருச்சு." அன்றைக்குப் பின்சீட்டில் சீர்த்தட்டுகளோடு உட்கார்ந்திருந்த பதினாறு வயதுப் பிள்ளை அவள்தானே.

அன்று நடந்ததைத் தங்களுக்கே நான் எழுதுவது வேடிக்கைதான். ஆனாலும் ஒப்புக்கொள்வதென்றால் முழுதாக ஒப்புக்கொள்ள வேண்டும். பஸ் ஸ்டாண்டில் தங்களை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டது வரை நான் நல்லவன். வழியில் சமையல்காரர் சேவுகன் வீட்டில் நம் வீட்டு அண்டாவில் பிரியாணி இறக்கித் தயாராக வைத்திருந்தார். அண்டா டிக்கிக்குள் போகவில்லை. பின்கதவு வழியாகவும் நுழையவில்லை; பின்சீட்டு முழுக்க ஜெசியும் சீர்த்தட்டுகளும். வீட்டில் எண்பது பேர் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் தங்களைப் பார்த்து, "மச்சான், பிரியாணி ஆறிப்போயிரும், நீங்க பின்னாலயே டவுன் பஸ்ல வந்துருங்க" என்றேன். தாங்கள் இறங்கி, வெள்ளைச் சட்டையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "சரி மாப்ளே, நீங்க முன்னால போங்க" என்றீர்கள். நான் அண்டாவுக்கு பெல்ட் மாட்டினேன். அந்தக் காரில் அதற்கு முன்போ பின்போ ஒரு மனிதருக்கும் நான் பெல்ட் மாட்டியதில்லை. வீட்டு வாசலில் பவுலின், "அண்ணன் எங்க?" என்றாள். "சீரக் குடுத்துவிட்டாரு. யாரையோ பாத்துட்டுப் பின்னால வாரேன்னாரு" என்று பொய் சொன்னேன். தாங்கள் வரவில்லை. அவள் வாசலையே பார்த்துக்கொண்டு மூன்று மணி வரை சாப்பிடாமல் இருந்தாள். அப்புறம் கோபமாகத் தங்களுக்கு ஒரு கடிதம் போட்டாள். "சீர் வந்து சேர்ந்ததல்லவா, அது போதும்" என்று தாங்கள் ஒரே வரியில் பதில் போட்டீர்கள். எல்லாம் அவளுக்குத் தெரிந்துதான் நடந்தது என்று தாங்கள் நினைத்தீர்கள். தங்களுக்குத் திமிர் என்று அவள் நினைத்தாள். நடுவில் நான் ஒருவன் வாயைத் திறந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். நான் பிரியாணி நன்றாக இருந்தது என்பதைத் தவிர வேறு எதற்கும் வாய் திறக்கவில்லை.

தவக்காலத்தில் இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த சாமியார், "அண்டாவா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு இருமல் மட்டும் கேட்டது. அது இருமலா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லி, மச்சானிடமும் மனைவியிடமும் உண்மையைச் சொல்லும்படி அபராதம் விதித்தார். மூன்று ஜெபமும் அன்றே முடித்துவிட்டேன். மச்சான் பங்கை இதோ செய்கிறேன். மனைவி பங்குதான் மலைப்பாக இருக்கிறது.

கடிதம் மட்டும் போதாது, ஒரு பெரிய வண்டியும் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தாங்களும் அண்டாவும் ஒரே நேரத்தில் உட்கார இடமிருக்கும் வண்டிதான் வாங்குவது என்று சபதம் எடுத்தேன். பழைய கார் வாங்கி விற்கும் புரோக்கர் நாகூர் கனியிடம் அதே அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். அவர், "என்ன சார், வண்டி பாக்க வந்தீகளா, கல்யாண வலிமா விருந்து வைக்க வந்தீகளா?" என்றார். முதலில் ஒரு அம்பாசடரைக் காட்டினார். அண்டா டிக்கிக்குள் அழகாகப் போனது. வெளியே வரத்தான் மாட்டேன் என்றது. நல்லெண்ணெய் தடவி நாலு பேர் சேர்ந்து இழுத்து எடுப்பதற்குள் மத்தியானமாகிவிட்டது. வண்டிக்காரர் விற்கும் எண்ணத்தையே விட்டுவிட்டார். வீட்டில் பவுலின், "அண்டாவ எங்க தூக்கிட்டுப் போனீக?" என்று கேட்டாள். "ஈயம் பூச" என்றேன். இப்படி ஒரே மாதத்தில் மூன்று தடவை ஈயம் பூசப்போன அண்டா இந்தச் சீமையிலேயே நம் வீட்டு அண்டாதான். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தாள்.

கடைசியில் அமைந்தது ஒரு மாருதி வேன். எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம். நெல்சன் இப்போது தங்கள் உயரத்துக்கு வந்துவிட்டான். அவனை முன்சீட்டில் உட்காரவைத்து, அண்டாவைப் பின்னால் வைத்துப் பார்த்தேன். அண்டாவுக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று பேர் காலை நீட்டி உட்கார இடமிருக்கிறது. ஒரே குறை, அது முன்பு பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போன வண்டி. மஞ்சள் பெயின்டை மாற்றுவதற்குள், முதல் வாரத்திலேயே ஒரு காலையில் பவுலினைக் காய்கறிச் சந்தைக்குக் கூட்டிப்போனேன். கழனிவாசல் பக்கம் ஒரு மாடு குறுக்கே வந்ததால் நிறுத்தினேன். மாடு போனது, நானும் கிளம்பினேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து, "அங்கிள், இன்னைக்கி ஏன் லேட்டு?" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் சீருடையில் இரண்டு உருப்படிகள், டிபன் டப்பாவைத் திறந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. பவுலின், "மாதாவே!" என்று கத்தினாள். பிள்ளைகள் ஏறியதே தெரியாத அளவுக்கு வண்டியில் இடம் இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் பள்ளிக்கூடத்தை விசாரித்துக் கொண்டுபோய்ச் சேர்த்து, வாட்ச்மேனிடம் திட்டு வாங்கி, இரண்டு அம்மாமாரிடமும் திட்டு வாங்கி வீட்டுக்கு வந்தேன். ஆனால் அவர்களை நான் வழியில் இறக்கிவிடவில்லை. இதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

அனிதா நேற்று என்னிடம், "அப்பா, எனக்கு யாரு மாலை போடுவா?" என்று கேட்டாள். "மாமாதான்" என்றேன். "எந்த மாமா?" என்றாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தன் தாய்மாமன் முகம் மறந்துபோயிருக்கிறது மச்சான். அதற்கு நான்தான் காரணம். என்னை என்ன சொல்லித் திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். சீர் எதுவும் வேண்டாம். தாங்கள் வந்தால் போதும். ஒக்கூருக்கே வண்டியைக் கொண்டுவருகிறேன். முன்சீட்டு தங்களுக்கு. பிரியாணி ஆறட்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். பவுலினுக்கு இது எதுவும் தெரிய வேண்டாம். தாங்களாகவே கோபம் ஆறி வந்ததுபோல வந்துவிட்டால் என் மானம் பிழைக்கும். தெரிந்தால் அந்த வேனில் நானும் அண்டாவும் மட்டும்தான் குடியிருக்க வேண்டிவரும். வாசித்ததும் இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடவும். அனைவருக்கும் என் தோத்திரம். தங்கள் கையிலிருந்து அனிதாவின் கழுத்துக்கு மாலை போகும் அந்த நிமிஷத்துக்காகக் காத்திருக்கும்,

தங்கள் மாப்பிள்ளை
மரியப்பன்

பி.கு.: மேலே கண்ட வேண்டுகோளை ரத்து செய்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட எழுந்து போனேன். கடிதத்தை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனது என் புத்தி. கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், பவுலின் நின்றபடியே கடைசிப் பக்கத்தில் இருக்கிறாள். வீடு இரண்டாகப் போகிறது என்று சுவரோடு ஒட்டி நின்றேன். அவள் கத்தவில்லை. "அண்டாவுக்கு பெல்ட் போட்டீகளா?" என்று மட்டும் கேட்டாள். "ஆமா" என்றேன். சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, "எங்கண்ணன நடுரோட்டுல நிக்க வச்சது பத்தாதுன்னு நானும் அவருக்கே கோவமா எழுதிப்புட்டேனே" என்று அழுதாள். அப்புறம் எழுந்து முகம் கழுவிச் சேலை மாற்றிக்கொண்டாள். இரண்டு மணி பஸ்ஸுக்கு ஒக்கூர் போகிறாளாம். "வேன்ல கொண்டுவந்து விடட்டுமா?" என்று கேட்டேன். "வேணாம். நீங்க வழியில யாரையாச்சும் எறக்கி விட்டுருவீக" என்றாள்.

ஆகவே இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. தங்கள் கையில் இதைக் கொடுத்ததே அவள்தான். தானாக வாய் திறந்து பேசத் தைரியம் இல்லை, இதை நீட்டிவிட்டு நிற்பேன் என்றாள். தாங்கள் எதை வாசித்தாலும் கடைசி எழுத்து வரை வாசிக்காமல் நிமிர மாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். இவ்வளவு நேரமும் உங்கள் தங்கை வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறாள், மச்சான். உள்ளே கூப்பிடுங்கள்.