அண்ணனை மாமாவாக்கிய பிரவீனா

படத்தில் செத்துப்போன பண்ணைக்காரர் சாப்பிட உட்கார்ந்ததும், பிரவீனா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

தம்போயில் ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடியில் அவளுடைய அலுவலகம். பழைய ஆங்கிலப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதும் வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. முதன்முதலாக அவளை நம்பிக் கொடுத்திருந்தது ஒரு மலிவான கவ்பாய் படம். வெள்ளைத் தொப்பி போட்ட நாயகன் தன் வாத்தியக் குழுவோடு குதிரையில் வருவான். துப்பாக்கியை இடுப்பில் செருகிவிட்டுக் கிட்டாரை எடுப்பான். ஒலி ஒரே கரகரப்பு. வசனத்தாள் இல்லை. படத்தைக் கணினியில் ஏற்றிய எவ்லின் அக்காவும் லீவில் பெக்கோக் போயிருந்தார். பாதிக்குப் பாதி ஊகித்துத்தான் எழுதினாள்.

பண்ணைக்காரர் மகள் நாயகனிடம் பாசமாகப் பேசியதால் "அண்ணா" என்று போட்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அண்ணன் அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தான்.

அந்தப் பக்கம் வந்த முதலாளி ஹேமநாதன் எட்டிப் பார்த்தார். "என்ன, அண்ணன் தங்கச்சி கதையா?"

"அப்படித்தான் ஆரம்பிச்சுது பாஸ்."

அவர் போனதும் எல்லா "அண்ணா"வையும் "மாமா" ஆக்கினாள்.

இப்போது இந்தப் பண்ணைக்காரர். நாயகனின் குழுவில் இருந்த பிடில்காரன் முன்பே சுட்டுக் கொன்றவர் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். சன்னலுக்கும் மேசைக்குமாக நடந்து பார்த்தாள். கடைசியில் அவரை இறந்தவரின் இரட்டைச் சகோதரர் ஆக்கினாள். இதை எங்கே சொல்வது? நல்லவேளை, பாட்டுக்குப் பஞ்சமில்லை. குதிரையைப் பற்றிய பாட்டில் குடும்ப வரலாற்றைத் திணித்தாள்.

கடைசிப் பகுதியில் அந்தப் பெண் மாமாவை, அந்தக் கரகரப்பிலும் தெளிவாக, "டாடி" என்றாள்.

பிரவீனா படியிறங்கிப் போய் பால் கலக்காத கோப்பி ஓ ஒன்று குடித்தாள். திரும்பி வந்து, குதிரையிலிருந்து விழுந்ததில் அந்தப் பெண்ணுக்குப் பழைய ஞாபகமெல்லாம் போய்விட்டது என்று இன்னொரு பாட்டுக்குள் எழுதினாள்.

மறுநாள் ஹேமநாதன் பக்கத்தில் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தார். பிரவீனா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஞாபகம் போன இடத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் நீளம்தான். ஆனா கதை ரொம்ப ஆழம்லா," என்றார். "வேலை கன்ஃபர்ம், பிரவீனா."

லீவு முடிந்து வந்திருந்த எவ்லின், தோள்பையைக்கூட இறக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பிரவீனா, நான் ஒரே ஃபைல்ல ஒட்டி வச்சது மூணு படம்லா, பேண்டும் நடிக்கிற ஆளுங்களும் மட்டும்தான் ஒண்ணு."