பரிசீலனையில் இருக்கும் ஃபங்ஷன்

மனுக்கள் அலுவலகத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. ஊழியர்கள் அனைவரும் தினமும் காலை பத்தரை முதல் பதினொரு மணி வரை கம்ப்யூட்டருக்குக் கட்டளையிடும் ஷெல் ஸ்கிரிப்டில் எளிய ஃபங்ஷன்கள் எழுதிப் பழக வேண்டும். பக்கத்து அலுவலகத்தில் பழகுகிறார்களாம், அதைவிடக் காரணம் வேறு என்ன வேண்டும்? தேர்ச்சிச் சான்றிதழ் இல்லாத ஊழியர்களின் மனுக்கள் இனி கனிவுடன் கவனிக்கப்பட மாட்டா என்று அடிக்குறிப்பு வேறு. இதுவரை கனிவுடன் கவனித்துக்கொண்டிருந்தார்கள் என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்த அடிக்குறிப்பைப் பதிவெழுத்தர் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டார். அவருடைய இடமாறுதல் மனு நாலு வருஷமாக அங்கேதான் கிடக்கிறது. மனைவி ரயிலில் எட்டு மணி நேரம் தள்ளி ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாதம் ஒருமுறை போனால், ஆறு வயது மகள் விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல் டம்ளரைத் தட்டில் வைத்துத் தண்ணீர் நீட்டுகிறாள். போன முறை குடித்த டம்ளரை அவரே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார்.

பயிற்சி கொடுக்க வந்த பெண் சுருக்கமாகச் சொன்னாள். "ஒரு வேலைக்குப் பேர் வைங்க. அதை எப்படிச் செய்யணும்னு நாலு வரி எழுதுங்க. அப்புறம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாப் போதும், கம்ப்யூட்டர் செஞ்சிடும்."

கூப்பிட்டவுடன் வேலை செய்யும் ஒன்றை அந்த அலுவலகம் அதுவரை கண்டதில்லை. பதிவெழுத்தர் விழுந்து விழுந்து படித்தார். முதல் வாரம் வணக்கம் சொல்லும் ஃபங்ஷன், இரண்டாம் வாரம் தேதி சொல்லும் ஃபங்ஷன். மூன்றாம் வாரம், மனுக்களின் பட்டியலைத் திறந்து விதிகளோடு ஒப்பிட்டு, தகுதி இருந்தால் 'அனுமதி' என்று எழுதும் ஃபங்ஷன். அதைக் கூப்பிட்டார். அறுநூற்று நாற்பத்து மூன்று மனுக்களில் அறுநூற்றுப் பதினொன்றுக்கு அனுமதி வந்தது. அதில் அவர் பேரும் இருந்தது.

கண்காணிப்பாளர் வந்து எட்டிப் பார்த்தார். "எவ்வளவு நேரமாச்சு?"

"ரெண்டு வினாடி சார்."

"நாம பார்த்தா?"

"நாலு வருஷத்துக்குக் குறையாது சார்."

"அப்ப இதுல எங்கேயோ தப்பு இருக்கு. யாரைக் கேட்டு அனுமதிச்சது?"

"யாரையும் கேட்கல சார். விதியைப் பார்த்துச்சு."

"விதியைப் பார்க்கிறதுக்கா இத்தனை பேர் இருக்கோம்? இதுக்கு மேல ஒரு ஃபங்ஷன் எழுதுங்க. இது அதைக் கேட்கட்டும்."

"அது யாரைக் கேட்கும் சார்?"

"இதைத்தான். கீழ இருந்து குறிப்பு வராம மேல எப்படிய்யா முடிவெடுப்பாங்க?"

பயிற்சிப் பெண் குறுக்கிட்டாள். "சார், அது இதைக் கூப்பிடும், இது அதைக் கூப்பிடும். வேலை முடியவே முடியாது."

"முடியணும்னு சுற்றறிக்கையில எங்கம்மா இருக்கு?"

அவள் சுற்றறிக்கையை இரண்டு முறை படித்துப் பார்த்தாள். எங்கேயும் இல்லை.

சரியான ஃபங்ஷனுக்குச் சான்றிதழ் கிடையாது, சான்றிதழ் இல்லாமல் மனு நகராது. பதிவெழுத்தர் மகளின் தட்டையும் டம்ளரையும் நினைத்துக்கொண்டு, கண்காணிப்பாளர் சொன்னபடியே எழுதினார். திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கின. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'பரிசீலனையில் உள்ளது' என்று வந்தது, அடுத்த சுற்றில் 'கூடுதல் விளக்கம் தேவை' என்று வந்தது, மறுபடியும் பரிசீலனைக்குப் போனது.

இயக்குநர் வந்து பார்த்து மெய்ம்மறந்து நின்றார். "எவ்வளவு வேலை நடக்குது பாருங்கய்யா." பதிவெழுத்தருக்கு அன்றே சான்றிதழும் மாலையும் கிடைத்தன. மனுதாரர்கள் காத்திருக்கும் கூடத்தில் பெரிய திரை மாட்டி, அந்த ஓட்டத்தை அதில் காட்டினார்கள். ஜனங்கள் சண்டை போடுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரே வாரத்தில் புகார்ப் பெட்டி காலியானது.

சான்றிதழ் வந்தும் மனு சுற்றிக்கொண்டேதான் இருந்தது. பதிவெழுத்தர் பயிற்சிப் பெண்ணிடம் ஓடினார். "இதை நிறுத்த வழியே இல்லையாம்மா?"

"கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்துங்க சார். நின்னுடும்."

அழுத்தினால் நின்றுவிடும். பழைய ஃபங்ஷன் இன்னும் அதே கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது, அதைக் கூப்பிட்டால் இரண்டு வினாடி. விரல்களை விசைகள் மேல் வைத்தார். இருபது வருஷம் வேலை பார்த்த விரல்கள், உத்தரவு இல்லாமல் அழுந்த மறுத்தன. எழுந்து போய்க் கண்காணிப்பாளரைக் கேட்டார்.

"தாராளமா நிறுத்தலாமே," என்றார் அவர். "ஒரு மனு கொடுங்க."

'ஃபங்ஷனை நிறுத்த அனுமதி கோருதல்' என்று மனு எழுதி, எண் போட்டு, அவரே பட்டியலில் சேர்த்தார். பிறகு கூடத்துக்குப் போய், கூட்டத்தோடு கூட்டமாகத் திரையைப் பார்த்தபடி நின்றார். சற்று நேரத்தில் அவருடைய பெயர் வந்தது, பரிசீலனையில் உள்ளது. அதற்குக் கீழேயே இன்னொரு தரம் வந்தது, அதுவும் பரிசீலனையில் உள்ளது.

முன் வரிசையில் இருந்த பெரியவர் பக்கத்து ஆளின் விலாவில் இடித்தார்.

"பாரு, அந்த ஆள் பேரு மட்டும் ரெண்டு தடவை வருது. உள்ள ஆள் இருந்தா எல்லாம் நடக்கும்."