பேர் எழுதாத குழாய்

மனைவி வேலைக்குப் போகக் கூடாது என்று செக்கர் தீர்ப்புச் சொன்னபோது அவர் வாய் நிறைய ரொட்டி இருந்தது. அந்த ரொட்டி அன்றைக்கு என்னவோ தனி ருசியாக இருந்தது. அதனால் தீர்ப்பைச் சொல்லி முடித்ததும் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.

பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கிற உத்தியோகம் என்பதால் தெருவில் எல்லாருக்கும் அவர் செக்கர். நல்ல மனிதர்தான். யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டார். ஆனால் எல்லாரும் கெடுதல் நினைக்கிறார்கள் என்று நினைப்பார். டிக்கெட் இல்லாதவர்களையே தேடித் தேடிப் பழகிய கண், வீட்டுக்கு வந்ததும் மூடிக்கொள்ளுமா? பால் பாக்கெட்டைக்கூட முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாசலைத் தாண்ட விடுவார். தூக்கத்தில் புரண்டு படுத்து, பக்கத்தில் படுத்திருந்த மனைவியின் தோளைத் தட்டி, "டிக்கெட்" என்று கேட்டதும் உண்டு. அந்த அம்மாள் கண்ணைத் திறக்காமலே "சீசன்" என்று சொல்லிவிட்டுத் தூக்கத்தைத் தொடர்வாள்.

பிள்ளைகள் இரண்டு பேரும் வேலை, குடும்பம் என்று வேறு ஊர்களில் இருந்தார்கள். செக்கர் காலையில் ரயில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். நடுவில் அந்த வீட்டில் சத்தம் போடுகிற ஒரே ஜீவன் பிரிட்ஜ். அதுவும் அவ்வப்போது பேச்சை நிறுத்திவிடும். அப்படியான ஒரு மத்தியானத்தில்தான் அவள் மழைக்கு ஒதுங்கப் போய் அந்தக் கடையைக் கண்டுபிடித்தாள்.

எண்ணெய்க் கடை. ஆனால் எண்ணெய்க் கடைக்குரிய பிசுக்கு ஒன்றும் இல்லை என்றாள். சுவரோரம் பளபளவென்று எவர்சில்வர் பீப்பாய்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குழாய், குழாய்க்கு மேலே ஒரு பேர். ஆலிவ், எள், வால்நட், பூசணி விதை. எதிர்ச் சுவரில் வினிகர் மட்டும் எத்தனையோ விதம். அத்திப்பழத்தில் செய்தது ஒன்று தேன் மாதிரி கெட்டியாக இறங்குகிறதாம். நடுவில் காய்ந்த காளான், உப்பு நீரில் ஊறிய காய்கள், இளஞ்சிவப்பில் ஒரு உப்பு. பாட்டிலை நாமே கொண்டுபோக வேண்டும். ரொட்டித் துண்டில் நனைத்துத் தின்று பார்த்துவிட்டு, பிடித்ததை நிரப்பிக்கொள்ளலாம். கடையை நடத்துவது ஒரே ஒரு பெண்மணி. மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு, அதையே கடை முழுக்கத் தேடுகிறவள். மத்தியானத்தில் மட்டும் வந்து கூட நிற்க முடியுமா என்று அவள்தான் கேட்டாளாம்.

"போகட்டுமாங்க? வீட்ல சும்மா உக்காந்து உக்காந்து எனக்கே என் குரல் மறந்துபோச்சு" என்றாள் மனைவி.

செக்கர் வேண்டாம் என்றார். தன் வீட்டு அம்மாள் கடையில் நின்று எண்ணெய் ஊற்றினாள் என்று நாலு பேர் பேசுவது முதல் காரணம். இரண்டாவது காரணம் தொழில் சம்பந்தப்பட்டது. கேட்பதற்கு முன்னாலேயே டிக்கெட்டை எடுத்து நீட்டுகிறவன் எவனோ, அவனைத்தான் இரண்டு தடவை பார்க்க வேண்டும். அதே மாதிரி, கேட்காமலே தின்னக் கொடுக்கிற கடைக்காரி எதையோ மறைக்கிறாள். இதையெல்லாம் விளக்கிக்கொண்டே அவர் தட்டைக் காலி செய்தார். ரொட்டியில் ஊறியிருந்தது அந்தக் கடை வால்நட் எண்ணெய் என்பதை அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அவள் தன் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். சாப்பிடும் முன் கண்ணை மூடி ஒரு நிமிஷம் கும்பிடுவது அவள் வழக்கம். அன்றைக்கு அந்த ஒரு நிமிஷம் நீண்டுகொண்டே போயிற்று. சாப்பாடு ஆறியது. செக்கருக்கு அதிலும் சந்தேகம்.

"அவ்வளவு நேரம் என்ன வேண்டிக்கிட்டே?"

"ஒரு வழி காட்டச் சொன்னேன்."

"யாருக்கு வழி?"

"அதை அவரே பாத்துப்பார்னு விட்டுட்டேங்க" என்று சொல்லி அவருக்குக் காய் வைத்தாள்.

செக்கர் மனதை மாற்றுவதென்றால் நேரமாகும் என்று கடவுள் நினைத்தாரோ என்னவோ, அவளுக்குப் புத்தியைக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே அவள் தானாகச் சொன்னாள். அவர் சொன்னதை யோசித்துப் பார்த்தாளாம். அந்தக் கடையில் பின்பக்கம் ஒரு அறை இருக்கிறதாம். திரை போட்டிருக்கிறதாம். வாங்க வருகிறவர்கள் யாரும் அதற்குள் போவதில்லையாம்.

செக்கர் செய்தித்தாளை இறக்கினார். "உள்ள என்ன இருக்கு?"

"நான் எதுக்குங்க அதையெல்லாம் பேசிக்கிட்டு. வேண்டாம்னு சொல்லிட்டீங்க, விட்டுட்டேன்."

அடுத்த நாள் இன்னொன்று. அத்தனை குழாய்க்கும் பேர் எழுதியிருக்கிறதே, ஓரத்தில் இருக்கிற குழாய் ஒன்றுக்கு மட்டும் பேர் இல்லையாம். இதைச் சொல்லிவிட்டு அவள் தலையணை உறையை உதறி, ஓரத்துக்கு ஓரம் சேர்த்து மடித்து வைத்தாள். பேர் எழுதாத அந்தக் குழாய் அன்று இரவு முழுக்க செக்கரின் காதில் சொட்டிக்கொண்டே இருந்தது.

விடிந்ததும் ரயிலில் கார்டிடம் விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போது திரை கதவாகிவிட்டது. அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் கதவுக்குப் பூட்டும் விழுந்துவிட்டது. ஊரையே ஏமாற்றுகிற கலப்படக் கும்பல் ஒன்று தன் கையில் சிக்கப்போகிறது என்றார். கார்டு பச்சைக் கொடியை அசைக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

விடுமுறை வந்ததும் செக்கர் தானே வேவு பார்க்கக் கிளம்பினார். சாதாரண ஆள் மாதிரி தெரிய வேண்டும் என்று சட்டையை வெளியே எடுத்து விட்டுக்கொண்டார். ஆனால் சட்டையை மாற்றலாம், கையை மாற்ற முடியுமா? கடை வாசலில் ஒரு கிழவர் எதிரே வந்தார். செக்கரின் வலது கை தானாக நீண்டது. கிழவரும் ஏதோ ஞாபகத்தில் பையைத் துழாவி பஸ் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

கடைக்காரி கண்ணாடியைத் தேடிக்கொண்டே வரவேற்றாள். செக்கர் பேர் எழுதிய குழாய் ஒன்று விடாமல் ருசி பார்த்தார். ஒவ்வொன்றையும் வாயில் போட்டு, கண்ணைச் சுருக்கி, எங்கேயாவது திருட்டு தட்டுப்படுகிறதா என்று நாக்கால் துழாவினார். எதுவும் தட்டுப்படவில்லை. எள் எள்ளாகவே இருந்தது. ஆலிவ் தொண்டையில் இலேசாகக் காரம் காட்டிவிட்டுப் போயிற்று. அத்திப்பழ வினிகரைச் சந்தேகம் தீரவில்லை என்று மூன்றாம் முறையும் கேட்டு வாங்கினார். ரொட்டிக் கூடை காலியானதுதான் கண்ட பலன். அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஓரத்துக் குழாயை நெருங்கவோ பின்பக்கம் போகவோ முடியவில்லை.

ஒரு தப்பும் அகப்படாததைவிடப் பெரிய சாட்சி வேறென்ன வேண்டும்? தப்பே இல்லாத கடை உலகத்தில் உண்டா? இது வெளியில் நின்று பிடிக்கிற வேலையில்லை, உள்ளே ஆள் வேண்டும் என்று அவருக்குப் பட்டது. நம்பிக்கையான ஆள். வாய் திறக்காத ஆள். கடைக்காரி தானே கூப்பிட்டு வைத்துக்கொள்கிற ஆள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு மனைவியை உட்காரச் சொன்னார்.

"நாளையிலேர்ந்து நீ அங்க போறே."

"எங்கங்க?"

"எண்ணெய்க் கடைக்கு."

அவள் முகம் வாடிப்போயிற்று. அவ்வளவு அழகாக வாடிய முகத்தை அவர் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்ததில்லை. "நீங்கதானே வேலைக்குப் போகக் கூடாதுன்னீங்க. சொன்ன சொல்லை நான் எப்படிங்க மீறுறது?"

"அது வேலை. இது டூட்டி."

அவள் வெகுநேரம் தயங்கினாள். நாலு பேர் பேசுவார்களே என்றாள். பேசினால் தன்னிடம் அனுப்பச் சொன்னார். சாயங்காலம் வரத் தாமதமாகுமே, அடுப்பை யார் பார்ப்பது என்றாள். தான் பார்ப்பதாகச் சொன்னார். காயப்போட்ட துணி? அதையும் எடுப்பார். கொஞ்ச நாளில் இரக்கப்பட்டுத் திரும்பக் கூப்பிட்டுவிட்டால் டூட்டி பாதியில் நின்றுபோகுமே? கூப்பிட மாட்டேன் என்று அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறை. கடைசியில் அவருக்காக, அவர் ஒருவருக்காக மட்டும், போக ஒப்புக்கொண்டாள். செக்கர் அவளுடைய தியாகத்தை நினைத்துக் கண் கலங்கினார்.

அன்று முதல் வீட்டில் புது ஒழுங்கு வந்தது. செக்கர் சாயங்காலம் வந்து முட்டையைக் கருக்குவார். துணியை மடித்துச் சுருட்டுவார். பிறகு நாற்காலியை வாசலைப் பார்க்கப் போட்டுக்கொண்டு அறிக்கைக்குக் காத்திருப்பார். அவள் எண்ணெய் வாசனையோடு, கன்னத்தில் ஒரு மினுமினுப்போடு வருவாள். வந்ததும் பேச ஆரம்பித்தால் நிற்காது. இருமல் மருந்து நாறுகிற பாட்டிலோடு வந்தவர், மனைவி கோபத்துக்கு எந்த வினிகர் நல்லது என்று கேட்ட புது மாப்பிள்ளை, கண்ணாடியைக் காளான் டப்பாவிலிருந்து கண்டெடுத்த கடைக்காரி என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். செக்கருக்கும் சிரிப்பு வரும். மீசைக்குள் அடக்கிக்கொண்டு, "அந்த அறை?" என்பார்.

"அறையைப் பத்திப் புதுசா ஒண்ணுமில்லீங்க."

"குழாய்?"

"இன்னும் பேர் எழுதலை."

"விடாதே. பாத்துக்கிட்டே இரு."

"நீங்க சொல்றப்ப நான் விடுவேனாங்க" என்று கருகின முட்டையை முகம் சுளிக்காமல் சாப்பிடுவாள்.

ரயிலில் கார்டு தினமும் விசாரித்தார். கார்டிடமிருந்து டிரைவருக்கும், டிரைவரிடமிருந்து டீக்கடைக்கும் விஷயம் போயிற்று. செக்கர் சம்சாரம் உயிரைப் பணயம் வைத்து உள்ளே இருக்கிறாள் என்று ஸ்டேஷனே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. இனிமேலும் தாமதித்தால் மரியாதை இல்லை என்று ஒரு மத்தியானம் செக்கர் லீவு போட்டார். சீருடையோடே கடைக்குள் புகுந்தார். கூட்டத்தை விலக்கினார். பின்பக்கத் திரையை ஒரே இழுப்பாக இழுத்தார்.

உள்ளே ஒரு மேஜை இருந்தது. இரண்டு நாற்காலி, டீ போடுகிற கெட்டில், மூட்டையாகப் பூசணி விதை. தரையில் காலி பாட்டில்கள் குவிந்திருந்தன. நாற்காலி ஒன்றின் மேல் அவர் மனைவியின் குடை.

"வாங்க வாங்க, டீ சாப்பிடறீங்களா?" என்று கடைக்காரி பின்னாலேயே வந்தாள். "இங்கதான் நாங்க ரெண்டு பேரும் மத்தியானம் உக்காந்து பேசறது. முதல் தடவை மழைக்கு ஒதுங்கின அன்னிக்கே உங்க வீட்ல இந்த இடத்தைப் பாத்துட்டு, ஜன்னல் நல்லா இருக்குன்னாங்க."

முதல் தடவை. அப்படியானால் உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்கு அன்றைக்கே தெரியும். செக்கர் விறுவிறுவென்று முன்பக்கம் வந்து ஓரத்துக் குழாயைத் திறந்தார். கையில் விழுந்ததை முகர்ந்தார். நக்கினார். பச்சைத் தண்ணீர். பக்கத்திலேயே சோப்பு இருந்தது. கை கழுவுகிற குழாய்க்கு எந்தக் கடையில் பேர் எழுதுகிறார்கள்?

மனைவி ஒரு அம்மாளுக்கு வினிகர் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு சிந்தாமல் பிடித்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள். அவர் பக்கத்தில் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு, பொய்தானே சொன்னாய் என்று மெல்லக் கேட்டார்.

"நான் பொய் சொல்லுவேனாங்க?" அவளும் மெல்லத்தான் சொன்னாள். "திரை இருக்குன்னேன், இருக்கு. வாங்க வர்றவங்க போறதில்லைன்னேன், போறதில்லை. குழாய்க்குப் பேர் இல்லைன்னேன். அதுக்கு மேல நினைச்சதெல்லாம் நீங்க."

ஆயிரம் பேரைப் பிடித்த மனிதரை, வீட்டிலேயே ஒருத்தி டிக்கெட் இல்லாமல் இத்தனை தூரம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இதைக் கார்டிடம் எப்படிச் சொல்வது? டீக்கடையில் எப்படிச் சொல்வது?

"கேஸ் முடிஞ்சுதுன்னா சொல்லுங்க. இப்பவே வந்துடறேன்" என்றாள் அவள். கை, கடைக்காகக் கட்டியிருந்த ஏப்ரனின் முடிச்சை அவிழ்க்கப் போயிருந்தது. இத்தனை நாளும் சாயங்காலம் சாயங்காலம் அவர் பார்த்த அந்தச் சிரிப்பு முகத்தில் இல்லை. வரிசையில் நின்றவர்கள் பாட்டிலும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் நிஜமாகவே வந்துவிடுவாள் என்று அவருக்குத் தெரிந்தது. வந்தால் வீட்டில் மறுபடியும் பிரிட்ஜ்தான் பேசும் என்பதும் தெரிந்தது.

செக்கர் தொண்டையைச் செருமினார். எல்லாருக்கும் கேட்கும்படி, கனமான குரலில், "சந்தேகம் இன்னும் தீரலை. நீ இங்கயே இரு" என்றார்.

"சரிங்க" என்று முடிச்சை இறுக்கிக்கொண்டாள் அவள். அடுத்தவருடைய பாட்டிலை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "லீவுதானே போட்டிருக்கீங்க, உள்ள குவிஞ்சு கிடக்கிற பாட்டிலையெல்லாம் கழுவிடுங்க. உள்பக்கமும் தேய்க்கணும்."