இருபத்தெட்டு கிலோமீட்டர் சங்கீதம்

“மிதி விஜயா! இன்னும் நல்லா மிதி!”

குரல் காரின் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து வந்தது. குரலுக்குச் சொந்தக்காரரான மனோகரனின் கால்கள் இரண்டும் இடது கதவு வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த விஜயலட்சுமி ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். என்ஜின் உறுமியது. ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்த வீணைக்கு நடுவே ‘ஙொய்ய்ய்ய்’ என்று ஒரு ராட்சசக் கொசு கிளம்பியது.

“கேட்டியா? மிதிச்சா கொசு பெருசாகுது. விட்டா சின்னதாகுது.”

“அது கொசுவா இருந்தா என்ன, யானையா இருந்தா என்ன? மணி எட்டு அஞ்சு. பத்தரைக்கு ரயில் வந்துரும். நான் இன்னும் சாம்பாருக்குப் பருப்பு வைக்கல.”

“சாம்பார் கெட்டா தயிர் ஊத்திச் சமாளிக்கலாம். சத்தம் கெட்டா சம்பந்தமே கெட்டுரும்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வரப்போகிறவர் மயிலாடுதுறை தங்கையன். நாற்பது வருடமாக சவுண்டு சர்வீஸ் நடத்துபவர். அவர் மகன் ராம்கியும் மனோகரனின் மகள் ஜீவிதாவும் ஒரே காலேஜில் படித்து, ஒரே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே பிடிவாதமாக நின்றார்கள். தங்கையன் சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

ஆனால் அந்த ஒரு வார்த்தை லேசில் வராது என்று துப்பு கொண்டுவந்திருந்தான் விஜயலட்சுமியின் தம்பி தமிழரசன்.

“போன மாசம் கும்பகோணத்துல ஒரு இடம் பார்க்கப் போயிருக்காரு அத்தான். அந்த வீட்டு டிவி சத்தத்தக் கேட்டதும் முகம் சுருங்கிப்போச்சாம். கொடுத்த காப்பிய அப்படியே வச்சுட்டு எழுந்து வந்துட்டாராம்.”

“காப்பியக்கூட குடிக்கலையா?”

“ஆறிப்போச்சாம்.”

அன்றிலிருந்து மனோகரனுக்குத் தூக்கம் போயிற்று. திருவாரூர் ரயில் நிலையத்திலிருந்து திருத்துறைப்பூண்டி வீடு வரை இருபத்தெட்டு கிலோமீட்டர். அந்த மனிதர் அவ்வளவு நேரம் இந்தக் காருக்குள் உட்கார்ந்திருப்பார். இந்த ஸ்பீக்கரைக் கேட்பார்.

வண்டி ஓட்டுவது விஜயலட்சுமி, பாட்டுப் போடுவது மனோகரன் என்பது அந்தக் குடும்பத்தின் ஏற்பாடு. பதினோரு வருடம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர், ஊர் திரும்பி லைசென்சுக்குப் போனபோது மூன்று முறையும் ஒரே கம்பத்தில் இடித்தார். விஜயலட்சுமி முதல் முறையிலேயே எட்டுப் போட்டு வாங்கிவிட்டாள். ஆகவே இந்தப் போரில் மனோகரனுக்கு இருந்த ஒரே ஆயுதம் அவருடைய போன்.

அவர் கூத்தாநல்லூர் அப்துல் ஜலீலை அழைத்தார். காருக்கு செட் மாட்டுவதில் கெட்டிக்காரர்.

“பாய், கொசு பாய்!”

“போனுக்கு கார்லயே சார்ஜ் போட்டிருக்கீங்களா?”

“ஆமா.”

“செட்டுக்கு ஒயரும் குத்தியிருக்கீங்களா?”

“ஆமா.”

“ரெண்டுல ஒண்ணப் பிடுங்குங்க. கொசு செத்துரும்.”

மனோகரன் பிடுங்கினார். அவசரத்தில் சார்ஜருக்குப் பதில் பாட்டு ஒயரைப் பிடுங்கினார். ஒயர் வந்தது. அதன் முனை வரவில்லை. ஒடிந்து செட்டின் துவாரத்துக்குள்ளேயே தங்கிவிட்டது.

“கொசு செத்துதா?” என்றார் பாய்.

“வீணையும் செத்துருச்சு பாய்.”

“பதறாதீங்க. ப்ளூடூத் இருக்குல்ல? அதுல போடுங்க.”

ப்ளூடூத்தில் போட்டார். வீணை உயிர்த்தது. ஆனால் சன்னமாக, பக்கத்துத் தெருவில் யாரோ வாசிப்பதுபோல் கேட்டது. மனோகரன் போனில் இருந்த ஈக்வலைசரைத் திறந்து பேஸை உச்சிக்குத் தள்ளினார். போதவில்லை. செட்டில் இருந்த பேஸையும் உச்சிக்குத் திருகினார்.

இடது கதவிலிருந்து ‘சரசர சரசர’ என்று கிளம்பியது.

“என்னங்க, வீணைக்கு யாரோ முறத்துல புடைக்கிறாங்க” என்றாள் விஜயலட்சுமி.

“ஸ்பீக்கர் கிழிஞ்சுபோச்சு! மச்சான், ஸ்குரு டிரைவர எடு!”

தமிழரசன் எடுத்துக் கொடுத்தான். எட்டரைக்குக் கதவின் உள்பலகை கழன்று தரையில் கிடந்தது. மூவரும் எட்டிப் பார்த்தார்கள். ஸ்பீக்கர் கிழியவில்லை. அதன் கிண்ணத்தில் ஒரு கைப்பிடி நெல் இருந்தது. பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் அத்தனை மணியும் எகிறிக் குதித்தது.

விஷயம் விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. சம்பா நாற்றங்காலுக்காக ஊறவைத்த விதைநெல் மூட்டைகளை, டிராக்டர் வரவில்லை என்று இந்தக் காரில்தான் ஏற்றினார் மனோகரன். ஒரு மூட்டையில் ஓட்டை. சிந்திய நெல் கதவுக்குள் இறங்கியிருந்தது. போன வார மழையில் ஈரமும் இறங்கியிருக்க வேண்டும். பலகையின் அடியில் பச்சைப்பசேலென்று ஒரு விரல் உயரத்துக்கு நாற்று நின்றது.

“வயல்ல விட்டது சரியா முளைக்கலன்னு வருத்தப்பட்டீங்களே” என்றாள் விஜயலட்சுமி. “கதவுல நல்லாத்தான் வந்திருக்கு. எப்போ பறிச்சு நடுறது?”

“சிரிக்காத விஜயா! பிடுங்கு!”

நாற்றைப் பிடுங்கினார்கள். நெல்லை அள்ளினார்கள். ஒட்டிக்கொண்டிருந்த வேரை இழுத்தபோது கூடவே ஒரு ஒயரும் வந்தது. அது ரேடியோவின் ஏரியல் ஒயர் என்பது பிறகுதான் தெரிந்தது. பலகையைத் திரும்ப மாட்டியபோது இரண்டு ஸ்குரு மிஞ்சியது.

“இது எங்க போகும் அத்தான்?”

“சட்டைப்பையில போகும். மூடு.”

ரேடியோ போயிற்று. ஒயர் வழியும் போயிற்று. இனி இருப்பது ப்ளூடூத் ஒன்றுதான். மனோகரன் கடைசி முறையாகக் கூத்தாநல்லூரை அழைத்தார்.

“பாய், எம் பொண்ணு வாழ்க்கை பாய்.”

அப்துல் ஜலீல் பெருமூச்சு விட்டார். “மனோகரண்ணே, நான் சொல்றத மட்டும் செய்யுங்க. மேல ஒண்ணும் செய்யாதீங்க. நெட்ல நேரா ஓடுற பாட்டு வேணாம், டவர் விட்டுவிட்டு இழுக்கும். நல்ல தரமா இறக்கி போன்லயே வச்சுக்குங்க. போன்ல சத்தத்தக் கிட்டத்தட்ட முழுசா வைங்க. பேஸு, ட்ரெபிள் எல்லாத்தையும் நடுவுல நேரா விட்டுருங்க. கூட்டுறது குறைக்கிறது செட்டுல மட்டும். ரெண்டு இடத்துலயும் திருகுனா சத்தம் நாறிப்போகும்.”

மனோகரன் அப்படியே செய்தார். மணி ஒன்பது பத்து. போனில் விரலை வைத்தார்.

வீணை எழுந்தது. தந்தியில் நகம் படும் ஓசைகூடத் தனியாகக் கேட்டது. மிருதங்கம் பின் இருக்கையில் உட்கார்ந்து வாசிப்பதுபோல் இருந்தது. தமிழரசனின் வாய் திறந்தபடியே நின்றது. கொல்லையில் கத்திக்கொண்டிருந்த கன்றுக்குட்டிகூடச் சற்று நிறுத்தியது.

“ஜெயிச்சுட்டோம்” என்றார் மனோகரன் மெதுவாக.

உள்ளேயிருந்து ஜீவிதா ஓடிவந்தாள். “அப்பா, ராம்கி அவங்க அப்பாவப் பத்தி ஒண்ணு சொன்னாரு...”

“எல்லாம் எனக்குத் தெரியும்மா. நீ போய் சாம்பாரப் பார்த்துட்டுப் பூ வச்சுக்க. விஜயா, வண்டிய எடு! ஒண்ணு சொல்லிடறேன், நான் தவிர யாரும் செட்டுல கை வைக்கக் கூடாது. நீ உட்பட.”

“எனக்கென்ன தலையெழுத்தா?” என்று கியரைப் போட்டாள் அவள். தமிழரசன் பழம் வாங்குவதற்காகப் பைக்கில் பின்னால் வந்தான்.

திருவாரூர் ரயில் நிலையம். ரயில் பத்து நாற்பதுக்கு வந்தது. அப்பா, அம்மா, பிள்ளை என்று மூன்று பேரை எதிர்பார்த்து நின்ற மனோகரன், இறங்கியவர்களை எண்ணிப் பார்த்துத் திடுக்கிட்டார். நான்கு.

“மூணு பேரா நல்ல காரியத்துக்குக் கிளம்பக் கூடாதுல்லங்க” என்று விளக்கினாள் தங்கையனின் மனைவி ஆனந்தவல்லி. “அதான் எங்க நாத்தனாரையும் கூட்டிக்கிட்டு வந்தோம்.”

காரில் ஓட்டுகிறவளைச் சேர்த்து ஐந்து பேர்தான் உட்காரலாம். முன் இருக்கையில் தங்கையன். பின்னால் ஆனந்தவல்லி, நாத்தனார், ராம்கி. மனோகரனுக்கு இடமில்லை!

ஒரு கணம் அவர் முகம் வாடியது. அடுத்த கணமே நிமிர்ந்தார். தளபதி இல்லாவிட்டாலும் படை தயாராக இருக்கிறதே.

“நீங்க போங்க. நான் மச்சான்கூடப் பைக்ல பின்னாலயே வர்றேன்” என்றவர், ஜன்னலுக்கு வெளியே நின்றபடியே விரலை அசைத்தார். உள்ளே வீணை எழுந்தது. தங்கையன் தலையை மட்டும் மெல்லத் திருப்பி ஸ்பீக்கரைப் பார்த்தார். அந்த முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை.

கார் நகர்ந்தது.

எதிர்க்கடையில் தமிழரசன் வாழைப்பழச் சீப்பும் ஆப்பிளுமாக நின்றான். “அத்தான், சில்லறை இல்ல.” மனோகரன் ஸ்கேன் செய்து கொடுத்துவிட்டுப் பைக்கில் தொற்றினார். “விரட்டு மச்சான்!”

மாவூருக்கு முன்னால் காரைப் பிடித்தார்கள்.

“பக்கத்துல போ. அவரு முகத்தப் பார்க்கணும்.”

தமிழரசன் முறுக்கினான். ஏறியிருந்த கண்ணாடி வழியாக மனோகரன் எட்டிப் பார்த்தார். தங்கையன் கண்களை மூடியிருந்தார். தலை பின்னால் சாய்ந்திருந்தது. உதட்டில் ஒரு புன்னகை. இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல்கள் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தன.

“மச்சான், உருகிட்டாருடா!”

“அக்கா என்னவோ கையக் காட்டுது அத்தான்.”

விஜயலட்சுமி ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து எதையோ சுட்டினாள்.

“சூப்பர்ங்கறா” என்றார் மனோகரன். “பின்னால போ.”

ஆலத்தம்பாடி வேகத்தடையில் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கதவில் இரண்டு ஸ்குரு குறைவு. கார் ஏறி இறங்கியது. தங்கையனின் தலை அசைந்தது, தாளம் தப்பாமல். மனோகரன் மூச்சை விட்டார்.

வீட்டு வாசலில் கார் நின்றபோது தங்கையன் உடனே இறங்கவில்லை. கடைசி மிடறு பாயசத்தை ரசிப்பவரைப்போல் இன்னும் சற்று நேரம் கண்மூடி இருந்தார். பிறகு இறங்கிவந்து மனோகரனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்கள் ஈரமாக இருந்தன.

“நாப்பது வருஷமா இந்தக் காத வச்சுத்தான் பொழைக்கிறேன். இப்படி ஒரு பயணம் நான் போனதே இல்லீங்க. யாரு செஞ்ச ஏற்பாடு இது?”

“நான்தாங்க!”

“எப்படிங்க உங்களுக்குத் தோணுச்சு?”

“ரெண்டு வாரமா இதே வேலைங்க. எல்லாத்தையும் நடுவுல நேரா வச்சுட்டேன். பேஸு கூடவும் கூடாது, ட்ரெபிள் குறையவும் கூடாது.”

தங்கையன் ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “தமாஷும் வருது உங்களுக்கு! ஆனந்தவல்லி, கேட்டியா? பேஸு கூடக் கூடாதாம்!”

எதற்குச் சிரிக்கிறார் என்று மனோகரனுக்குப் புரியவில்லை. ஆனாலும் சேர்ந்து சிரித்தார். காப்பி வந்தது. தங்கையன் ஒரு சொட்டு விடாமல் குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார். ஜீவிதா வந்து வணங்கினாள். தங்கையன் அவளை ஒரு முறைதான் பார்த்தார்.

“இந்த வீட்டுப் பொண்ணுதான் எங்க வீட்டுக்கு மருமக. தட்ட மாத்திக்குவோம்.”

ஒரு வார்த்தை கேட்டிருந்தார் மனோகரன். ஒரு வாக்கியமே கிடைத்துவிட்டது. ஜீவிதா உள்ளே ஓடினாள். ராம்கி சாம்பாரில் பாயசத்தைக் கலந்து சாப்பிட்டான், கவனிக்கவில்லை.

விஜயலட்சுமி மட்டும் பரிமாறும்போதெல்லாம் கணவரின் சட்டையையே முறைத்தாள். மனோகரன் குனிந்து பார்த்து மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார். அவள் மறுபடியும் முறைத்தாள். அவர் அடுத்த பட்டனையும் போட்டுக்கொண்டார். சம்பந்தி வீட்டார் முன்னால் வேறென்ன செய்வது?

சாயங்காலம் ஐந்து மணி ரயிலுக்குக் கிளம்பினார்கள். தங்கையன் முன் இருக்கையில் சாய்ந்து, இப்போதே கண்ணை மூடிக்கொண்டார். வெற்றியின் உச்சத்தில் நின்ற மனோகரன், ஆனந்தவல்லி ஏறுவதற்காகப் பின் கதவைத் திறந்துபிடித்தார்.

“இப்ப கேளுங்க சம்பந்தியம்மா! போறப்ப புதுசா ஒரு நாகஸ்வரக் கச்சேரி வச்சிருக்கேன். வர்றப்ப கேட்டத விட ரெண்டு பாயின்ட் கூட்டியே வைக்கிறேன்!”

ஆனந்தவல்லி பதறிப்போய் அவர் கையைப் பிடித்தாள். கணவருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

“ஐயோ, வேணாம் சம்பந்தி! நாப்பது வருஷமா ஸ்பீக்கர் சத்தத்துலயே வெந்த மனுஷன், எங்க போனாலும் அவருக்காகன்னு பாட்டப் போட்டே கொல்றாங்க. நீங்க ஒருத்தர்தான் ஸ்டேஷன் வாசலோட பாட்ட நிறுத்தி, போனையும் உங்க பையில போட்டுக்கிட்டு பைக்ல வந்தீங்க. அதுக்குத்தானே அவரு சம்மதமே சொன்னாரு!”