மேல்தட்டில்தான் பிரியாணி

ஒரு அருவியை மாமனார் வீட்டுச் சீதனம் மாதிரி சொந்தம் கொண்டாடிய மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் தேக்சா பாய் ஒருவர்தான். இத்தனைக்கும் அவர் மாமல்லபுரத்தில் பிரியாணி மாஸ்டர். அருவி இருந்ததோ ஆந்திர எல்லைக் காட்டில். நுழைந்தால் இரண்டு தோளும் உரசுகிற பாறை இடுக்குக்குள், ஐந்து தட்டாக இறங்கும்.

கல்பாக்கத்திலிருந்து நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதத்தில் ஒரு ஞாயிறு அவரோடு வேனில் கிளம்புவோம். பாய் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. உச்சியில் இருக்கிற ஐந்தாவது தட்டில்தான் பிரியாணி. நடுவழியில் மயங்கி விழுந்தாலும் ஒரு பருக்கை கிடைக்காது.

"கீழ குந்திகினு துன்றதுக்கு எதுக்குப்பா அருவி? உங்க வூட்டுக் கொயாத் தண்ணியே போதுமே!" என்பார்.

அந்த இடுக்கை அளந்து, அதில் நுழைகிற மாதிரி ஒல்லியாக, உயரமாக ஒரு பிரியாணி அண்டாவையே, அவர் பாஷையில் தேக்சா, செய்து வைத்திருந்தார் என்றால் பாருங்கள்.

கடைக்கு வருகிறவர்களிடம் முதலில் மேல்தட்டு வர்ணனை, அப்புறம்தான் பிரியாணி. வீட்டிலும் அதே பாட்டு. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன அவர் சம்சாரம் ஜுலேகா அக்கா, "சாவறதுக்குள்ள அந்த மேல்தட்ட ஒருவாட்டி பாத்துடணும்" என்று போன வருஷம் கிளம்பியேவிட்டார். அன்று பாய்க்குத் தலைகால் புரியவில்லை.

நாங்கள் அக்காவைக் கைபிடித்து இழுக்க, பாய் தேக்சாவைச் சுமந்தபடி, "இன்னும் கொஞ்சந்தாம்மே" என்று பின்னால் வர, எப்படியோ மூன்றாவது தட்டுவரை வந்துவிட்டோம். அங்கே அக்கா பாறையில் உட்கார்ந்துவிட்டார். முட்டி வீங்கியிருந்தது.

"என்னால ஆவாது. பாவம், எல்லாம் பசியோட கீறாங்க. நீ இட்டுகினு மேல போ." அக்காவின் முகம் வாடிப்போயிருந்தது.

பாய் மேலே பார்த்தார். எங்களைப் பார்த்தார். தேக்சாவை இறக்கி வைத்தார்.

"எங்க போறது? இதாம்மே மேல்தட்டு. வந்துட்டோம்."

பாறைக்கு அந்தப் பக்கம் மிச்ச இரண்டு தட்டும் இடி மாதிரி விழுந்துகொண்டிருந்தன.

"அப்ப அது இன்னா சத்தம்?"

"காத்து!" என்றோம் எல்லோரும் கோரஸாக.

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். "இவ்ளோதானா? இதுக்கா இத்தினி வருசமா பீத்திகினு கீற?"

அருவியை யாராவது ஒரு சொல் குறைத்துப் பேசினால் கரண்டியைத் தூக்குகிற மனிதர், தலையைச் சொறிந்துகொண்டு, "இவ்ளோதான்" என்றார். நல்லி எலும்பாகப் பார்த்து அக்காவின் இலையில் வைத்தார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

இப்போதும் போகிறோம். அக்காவும் வருகிறார். அந்த அருவிக்கு எத்தனை தட்டு என்று யாராவது கேட்டால், மூன்று என்றுதான் சொல்கிறோம்.