எலி சேரும் சுருங்கிப்போன சுரப்பியும்

லிந்துலைக்கும் ஹட்டனுக்கும் இடையில் எலி சேர் நெஞ்சைத் தட்டிப் பார்க்காத ஆள் ஒருவர் இருந்தால், அவர் வேறு பஸ்ஸில் போயிருக்க வேண்டும்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து படித்துப்போய், பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் எலி வளர்த்தவர் அவர். அதனால்தான் அந்தப் பெயர்; 'சார்' எங்கள் வாயில் 'சேர்'. எலிக்கு வயதாக ஆக, நோயை எதிர்க்கும் உறுப்புகள் என்ன ஆகின்றன என்பதுதான் ஆராய்ச்சி. லீவில் வந்தாலும் அதே பேச்சு. பக்கத்து சீட்காரரிடம், "வயசு என்னங்க?" என்பார். பதில் வந்ததும் நெஞ்செலும்பில் ஒரு தட்டு.

"இதுக்குப் பின்னால தைமஸ்னு ஒரு சுரப்பி. நோயோட சண்ட போடுற அணுக்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம். ஒங்களுக்கு இந்நேரம் சுருங்கிக் கொழுப்பாயிருக்கும்!"

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையையே தட்டிவிட்டார். "இப்பவே சுருங்க ஆரம்பிச்சிருச்சு தம்பி." பெண்வீட்டார் முகம் போன போக்கைப் பார்த்து, நான்தான் அவரைப் பந்திக்கு இழுத்துப் போனேன். மளிகைக்கடை காசிம் நானாவோ, சுருங்கிய சுரப்பிக்கு மருந்து கேட்டு டாக்டரிடமே போய்விட்டார். டாக்டர் சிரித்து அனுப்ப, திரும்பி வந்தவர் சேருக்குச் சீனி தர மறுத்துவிட்டார்.

பிறகு கொரோனா வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் சாவு விழுந்தும், ஊசி போட வந்த நர்ஸம்மாவிடம் எங்கள் வயதானவர்கள் ஒருவரும் போகவில்லை. பென்சன் வாங்கிய கங்காணி ராமையா, "ஊசி போட்டாத்தான் சாவோம்" என்று சொல்லியிருந்தார்.

சேர் அவர் முன்னால் போய் நின்றார். "ஐயா, வயசான எலிக்கு இந்தச் சுரப்பி சுருங்கிரும். மண்ணீரலும் பழையபடி வேல செய்யாது. புது நோய் வந்தா ஒடம்புக்கு அடையாளம் தெரியாது. அத முன்கூட்டியே காட்டிக் குடுக்கத்தான் ஊசி."

"அப்ப ஒங்க எலிக்கு ஊசி போட்டீங்களா?"

வேறு யாராக இருந்தாலும் ஆமாம் என்றிருப்பார்கள். "இல்லீங்க. நான்தான் கொன்னேன்" என்றார் சேர்.

கூட்டம் பின்வாங்கியது. நர்ஸம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உறுப்ப எடுத்து நிறுத்துப் பாக்கணுமே! கடசிக் கெழட்டு எலி, கூண்டத் தொறந்தாலே கையில வந்து உக்காந்துக்கும். அதையும்..." அத்தனை பேர் முன்னால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார்.

கங்காணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு எலிக்கு இந்த அழுக அழுவுற மனுசன், நம்மளச் சாக விடுவாரா?" என்று சட்டைக் கையைச் சுருட்டினார். அவருக்குப் பின்னால் வரிசை சேர்ந்தது.

அன்று மாலை கொட்டும் மழையில், யாருக்குக் கை வலிக்கிறது, யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டபடி சேர் வீடு வீடாக ஏறி இறங்கினார். கூட்டிவரப் போனேன். சேர் கங்காணி வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு, எலிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நனைந்தபடி வாசலிலேயே நின்றேன். அந்த மனுசரை அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.