அண்ணை அனுப்பிய நடுக்கம்

ஃபாரஸ்ட் கேட்,
லண்டன்.
புதன்கிழமை.

அன்பும் மதிப்பும் மிக்க கிருஷாந் அண்ணைக்கு,

தங்கை தாரகா எழுதிக்கொள்வது. ஜெர்மனியில், டோர்ட்மண்டில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். இருக்கத்தானே வேண்டும், கார் இங்கேயல்லவா நிற்கிறது. நாங்களும் சுகம் என்று எழுதத் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து இவர் வெளியே எஞ்சினை ஸ்டார்ட் செய்ய, மேசை ஆடி, 'சுகம்' என்ற சொல் கோணலாகிவிட்டது. அப்படியே விட்டிருக்கிறேன். உண்மைக்கு அதுதான் கிட்ட.

இந்தக் காலத்தில் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். என் போன் மூன்று நாளாக எஞ்சினுக்கு மேல் படுத்திருக்கிறது. நடுக்கத்தை அளக்க ஏதோ ஆப் இருக்கிறதாம். "இஞ்சேரும், உம்மட போன்தான் நல்ல சென்சிட்டிவ்" என்றார். கலியாணம் கட்டி மூன்று வருடத்தில் என்னுடைய ஒன்றை இவர் பாராட்டியது அதுதான் முதல் தரம்.

அண்ணை, பிள்ளை பிறந்தால் மற்ற மாமாமார் ஒரு சங்கிலி போடுவார்கள், இல்லாவிட்டால் நாலு சட்டை அனுப்புவார்கள். நீங்கள் லக்‌ஷன் பிறந்த சந்தோசத்தில் 1971ஆம் ஆண்டு அமெரிக்கக் கார் ஒன்றை ட்ரெய்லரில் ஏற்றி அனுப்பினீர்கள். எட்டு சிலிண்டர், மசில் கார், "வெண்ணெய் மாதிரி ஓடும் தங்கச்சி" என்று சொன்னீர்கள். எந்தக் கடையில் அந்த வெண்ணெய் விற்கிறார்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள், அந்தப் பக்கம் போகாமல் இருக்கலாம். தசை எங்கே இருக்கிறதோ தெரியாது. நடுக்கவாதம் மட்டும் முன்பக்கம் முழுக்க இருக்கிறது. அண்ணி ஏன் இதை வளவுக்குள் வைத்திருக்க விடவில்லை என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

வந்த கிழமையே நோர்த் சர்க்குலர் றோட்டில் ஓடிப் பார்த்தார். முப்பது மைல் வேகத்தைத் தாண்டியதும் ஸ்டியரிங் கையை உதறிவிட்டதாம். டயர்ச் சில்லுதான் சரியில்லை என்று நாலு சில்லையும் கழற்றிப் பலன்ஸ் பண்ணினார், நடுக்கம் போகவில்லை. பிறகு வால்தம்ஸ்டோவிலிருந்து தில்லையம்பலம் அண்ணை வந்தார். இருபது வருடம் பிரான்ஸில் மெக்கானிக்காக இருந்தவர், நீட்டு ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டுவிட்டு, டாக்டர் மாதிரி முகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தம்பி, கியரிலை போடாமல் நிக்கவைச்சு எஞ்சினை முறுக்கும் பாப்பம்" என்றார். நிற்கவைத்து முறுக்கினாலும் நடுங்கியது. "அப்ப சில்லிலை பிழையில்லை. எஞ்சின்தான் ஆடுது" என்றார். நாலு சில்லும் கழற்றின பிறகு. பிறகு எட்டு பிளக்கின் வயரையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். பிடுங்கியும் சத்தம் மாறாவிட்டால் அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தமாம். எட்டும் ஒழுங்காக வேலை செய்கிறது என்று கண்டுபிடித்துவிட்டு இருவரும் கவலைப்பட்டார்கள். வேலை செய்யாத ஆளைத்தான் தேடுகிறார்கள் என்றால் என்னிடம் கேட்டிருக்கலாம், வயர் ஒன்றும் பிடுங்காமலே காட்டியிருப்பேன்.

அடுத்து எஞ்சின் உட்காரும் ரப்பர்கள் தேய்ந்துவிட்டன என்று புதிதாகப் போட்டார்கள். இப்போது முப்பதில்லை, இருபதிலேயே நடுங்கியது. கார்பரேட்டரைக் கழற்றிப் பூட்டினார்கள். இப்போது முறுக்காமலே, நின்ற இடத்தில் நடுங்குகிறது. இவர் கை வைக்க வைக்க நோய் கூடுகிறது, அண்ணை. நான் பௌதிகத்தில் பட்டம் எடுத்தவள் என்பதை மறந்து, "இது அதிர்வு, உமக்கு விளங்காது" என்று எனக்கே படிப்பிக்கிறார். சாமியறைச் செம்பில் தண்ணீர் நிரப்பி எஞ்சினுக்கு மேல் வைத்து அலை பார்க்கிறார். அந்தச் செம்பை நான் இனி முருகனுக்கு முன்னால் எந்த முகத்தோடு வைப்பது?

போன கிழமை பியற்றிஸ் வந்தா. பிள்ளையைப் பார்க்க வரும் ஹெல்த் விசிட்டர், நல்ல மனுசி. நான் குசினியில் தேத்தண்ணி போட, இவர் கறுத்த கையோடு உள்ளே வந்திருக்கிறார். "எப்படி இருக்கிறான்?" என்று அவ கேட்டிருக்கிறா. இவருக்கு இப்போது உலகத்தில் ஒருவன்தானே. "காலமையிலை எழும்பக் கஷ்டம். ஒருக்கா இருமிப்போட்டுத்தான் எழும்புவான். பிறகு உடம்பு முழுக்க நடுக்கம். குடிக்கிறதும் கூட" என்று அக்கறையாகச் சொல்லியிருக்கிறார். நான் தட்டோடு வரும்போது அவ இரண்டாவது பக்கம் எழுதிக்கொண்டிருந்தா. அது காரைப் பற்றியது என்று நான் அரைமணி நேரம் விளங்கப்படுத்தினேன். எழுதியதைக் கோடு போட்டு வெட்டினா. ஆனால் வீட்டுக்காரருக்கு ஓய்வு தேவை என்று வேறொன்று எழுதிக்கொண்டு போனா.

இதெல்லாம் பொறுப்பேன். பொறுக்க ஏலாதது இதுதான். வருகிற வெள்ளி ஆர்ச்வே முருகன் கோயிலில் லக்‌ஷனுக்கு முதல் சோறு தீத்துகிறோம். பிள்ளையை அந்தக் காரில்தான் கொண்டுபோவாராம். "மாமா தந்த காரிலைதான் மருமோன் போகவேணும்" என்கிறார். ஏழு மாதப் பிள்ளை, அண்ணை. நிமிர்ந்து இருக்கத் தொடங்கியே கொஞ்ச நாள்தான் ஆகிறது. நான் இரவில் கண்ணை மூடினால் தொட்டில் நடுங்குகிறது. ஒரு தாயால் செய்யக்கூடிய எல்லாவற்றையும் நான் செய்துவிட்டேன், முருகனிடமும் பலமுறை சொல்லிவிட்டேன். சாமி கும்பிடாத உங்களுக்கு அது விளங்காது.

நாளைக்குத் தில்லையம்பலம் அண்ணை முன்பக்கத்தைக் கழற்றி, பலன்ஸர் என்று ஒரு சாமானை மாற்றப் போகிறாராம். இன்னும் கூடும். ஆகவே உங்களை மன்றாடிக் கேட்கிறேன், அடுத்த கிழமை சனிக்கிழமையாவது ட்ரெய்லரோடு வந்து உங்கள் வெண்ணெயை ஏற்றிக்கொண்டு போங்கள். வெள்ளிக்கிழமைக்கு நான் பிள்ளையோடு ட்ரெயினில் போய்க்கொள்வேன். பழுதான காரைத் தங்கச்சியின் தலையில் கட்டிவிட்டு நல்லது என்று சொன்னதை நான் மன்னித்தாலும் மறக்க மாட்டேன்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தங்கள். உங்களுக்கு நடுக்கமில்லாத நீண்ட ஆயுளை அந்த முருகன் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பாசமுள்ள தங்கை
தாரகா

பி.கு. (வியாழன்): மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கோ அண்ணை. ட்ரெய்லர் வேண்டாம். போன் திரும்பக் கிடைத்துவிட்டது, இதைப் படம் எடுத்து அனுப்புகிறன், வாசித்த உடனே அழியுங்கோ.

இண்டைக்குத் தில்லையம்பலம் அண்ணை முதல் வேலையாக விசிறி பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் பூனை மாதிரி ஆடாமல் நிண்டுது. "தம்பி, எஞ்சினிலை ஒண்டுமில்லை. பிழை விசிறியிலை" எண்டார். விசிறித் தகடு ஒன்றின் பின்பக்கத்தில் எண்ணெயில் கறுத்துப்போன மஞ்சள் துணி முடிச்சு. அதற்குள் மூன்று குத்திக் காசு. ஒரு தகடு மட்டும் நிறை கூடினால், விசிறி சுத்துற வேகத்துக்கு முழு எஞ்சினும் ஆடும்.

கட்டினது நான்தான். கார் வந்த அண்டைக்கே, "முருகா, இவர் முப்பது மைலுக்கு மேலை ஓடக்கூடாது" எண்டு நேர்ந்து ஒரு காசு முடிஞ்சன். ஸ்டியரிங்கில் கட்டினால் சிரிப்பார் எண்டு உள்ளுக்கு விசிறியில் கட்டினன். ரப்பர் மாத்தின அண்டு பயத்தில் இரண்டாவது. கார்பரேட்டர் கழற்றின அண்டு மூன்றாவது. முருகன் சொன்ன சொல் தவறவில்லை. பட்டத்தை யூனிவர்சிட்டிக்குத் திருப்பிக் கொடுக்க ஏதும் விண்ணப்பப் படிவம் இருக்கிறதோ எண்டு பார்க்கிறன்.

இவர் என்னைக் கேட்கவே இல்லை. முடிச்சைக் கண்ணில் ஒத்திக்கொண்டு, "பாரும், அண்ணை சாமி கும்பிடாத மாதிரி நடிச்சுப்போட்டு, எங்களுக்காக நேர்த்தி வைச்செல்லோ அனுப்பியிருக்கிறார்" எண்டு அழுதுவிட்டார். இரவைக்கு உங்களுக்கு போன் எடுத்து நன்றி சொல்லுவார். கார் இப்ப வெண்ணெய்தான். நாளைக்கு அதில்தான் போறம், நான் பிள்ளையோடு பின்னுக்கு இருந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டு வாறன்.

மூன்று காசும் சாமியறையில் இருக்கிறது. மூன்றும் ரெண்டு பவுண்ஸ் குத்தி, மூன்றிலும் ராணியின் தலை. ஜெர்மனியில் ராணி இல்லை எண்டது இவரின்ரை மண்டையில் ஏறுறதுக்கு முதல், போனை எடுத்து "ஓம்" எண்டு மட்டும் சொல்லுங்கோ.